நாலு பேரும் ஓடியும் ரயில் ஏன் கவிழ்கிறது?

கேள்வி: கல்லூரி நண்பர்கள் நாலு பேர் வார இறுதியில் ஆன்லைனில் அன்ரெயில்டு விளையாடுகிறோம். மரம் வெட்ட ஒருவன், கல் உடைக்க ஒருவன், தண்ணீருக்கு ஒருவன், தண்டவாளம் போட ஒருவன் என்று வேலையைப் பிரித்துக்கொண்டோம். அப்படியும் மூன்றாவது ஸ்டேஷனைத் தாண்ட முடியவில்லை. ஒருவரை ஒருவர் கத்துவதுதான் மிச்சம். நாலாவது ஆள் ஆட்டத்துக்குப் புதியவன், அவனால்தான் தோற்கிறோம் என்று மற்ற இருவரும் சொல்கிறார்கள். என்ன செய்யலாம்?

பதில்: புதியவரைக் குறை சொல்லாதீர்கள். நீங்கள் வேலையைப் பிரித்த விதத்தில்தான் கோளாறு.

இந்த ஆட்டத்தை உருவாக்கியது சுவிட்சர்லாந்தின் ஸூரிச் நகரத்து இண்டோர் அஸ்ட்ரோனாட் என்ற சிறிய குழு. 2019-இல் முன்னோட்டப் பதிப்பும் 2020-இல் முழுப் பதிப்பும் வந்தன. ரயில் தானாக ஓடிக்கொண்டே இருக்கும், அதற்கு முன்னால் தண்டவாளம் போட்டுக்கொண்டே போக வேண்டும், பாதை தீர்ந்தால் ஆட்டம் முடிந்தது. அவ்வளவுதான் விதி. விளையாடுகிறவர்கள் நாலு பேர் என்றாலும் கோடரி ஒன்று, பிக்காசு ஒன்று, வாளி ஒன்று. யாராவது ஒருவர் கருவியைக் கீழே வைத்தால்தான் இன்னொருவர் எடுக்க முடியும். ஆட்டத்தின் சூட்சுமமே இந்தப் பற்றாக்குறையில் இருக்கிறது.

நீங்கள் செய்த மாதிரி 'கோடரி உனக்கு, பிக்காசு எனக்கு' என்று பிரித்துக்கொண்டால் என்ன ஆகும் என்று பாருங்கள். ஒரு மரக்கட்டையும் கல்லை உடைத்துக் கிடைக்கும் ஓர் இரும்பும் சேர்ந்தால்தான் ஒரு தண்டவாளம். ரயிலின் பெட்டியில் இரும்பு மலைபோலக் குவிந்திருக்கும், மரம் ஒன்றுகூட இருக்காது. கோடரிக்காரர் ஒதுக்குப்புறமாக ஒரு தோப்புக்குள் நின்று வெட்டித் தள்ளிக்கொண்டிருப்பார். வெட்டிய கட்டைகள் அவர் காலடியிலேயே கிடக்கும். வெட்டுவதுதான் தன் வேலை, சுமப்பது இல்லை என்று நினைத்துக்கொண்டிருப்பார். பிக்காசுக்காரருக்கோ உடைக்க வேண்டிய அளவுக்கு உடைத்தாகிவிட்டது, ஆனாலும் பிக்காசைக் கையில் வைத்துக்கொண்டே நிற்பார். தண்டவாளம் போடுகிறவர் வெறுங்கையோடு ரயிலைப் பார்த்துக்கொண்டிருப்பார். நாலு பேரும் வேலை செய்கிறார்கள், தண்டவாளம் மட்டும் வரவில்லை.

அதனால் கருவியைப் பிரிக்காமல் கவலையைப் பிரித்துக்கொள்ளுங்கள். ரயிலுக்கு முன்னால் எத்தனை தண்டவாளம் மிச்சம் என்று ஒருவர் கவலைப்படட்டும். இன்னொருவர் பெட்டியில் மரமா இரும்பா எது குறைகிறது என்று பார்க்கட்டும். மூன்றாமவர் ரயிலின் தண்ணீர்த் தொட்டியையும், முன்னால் வரப்போகும் ஆறு, பாறைகளையும் கவனிக்கட்டும். கவலை யாருடையதோ அவர் வாய் திறந்து சொல்ல வேண்டும். கருவியை அந்த நேரத்தில் பக்கத்தில் இருக்கிற யார் வேண்டுமானாலும் எடுக்கலாம். கையில் கருவி இருந்தால் கட்டையைத் தூக்க முடியாது என்பதை மறக்கக் கூடாது. நாலைந்து மரம் வெட்டினீர்களா, கோடரியைப் போட்டுவிட்டுக் கட்டையைத் தூக்குங்கள். ஒரே வகைப் பொருள் என்றால் ஒரு நடையில் மூன்று வரை தூக்கலாம். ஒவ்வொன்றாகச் சுமந்துகொண்டு ஓடுகிறவர்களைப் பார்த்தால் எனக்குப் பொறுக்காது.

கத்தலைப் பற்றிக் கேட்டீர்கள். "மரம் வேணும்! வாளி எங்கடா?" என்ற வகைக் கூச்சலால் ஒரு பயனும் இல்லை. எல்லாருக்கும் எல்லாமும் எப்போதும் வேண்டியிருக்கிறது. அதற்குப் பதில் கையை விட்டுப் போனதைச் சொல்லிப் பழகுங்கள். "வாளியை எஞ்சினுக்கு முன்னால வச்சுட்டேன்", "கோடரி ஆத்துக்கு அந்தப் பக்கம் கிடக்கு" என்று சொன்னால் போதும், தேடுகிற நேரம் பாதியாகக் குறைந்துவிடும். வாளியைக் கண்ட இடத்தில் போடும் பழக்கம்தான் பல அணிகளைக் கவிழ்க்கிறது. தொட்டி வற்றினால் ரயில் தீப்பிடிக்கும். தீ பக்கத்துப் பெட்டிகளுக்கும் தாவும். எரிகிற பெட்டி வேலை செய்யாது. அந்த நேரத்தில் நாலு பேரும் வாளியைத் தேடி ஓடினால் தண்டவாளம் போட ஆளே இருக்காது.

அடுத்தது தண்டவாளக் கணக்கு. ரயில் நேராகப் போனாலும் வளைந்து போனாலும் ஒவ்வொரு தண்டவாளத்தையும் கடக்க நேரம் எடுக்கும். முன்னால் பாறை அடைத்துக்கொண்டிருக்கிறது, உடைத்து முடிக்கவில்லை என்றால் பாதையை இரண்டு வளைவு வளைத்து விடுங்கள், கொஞ்சம் நேரம் கிடைக்கும். ஆனால் அந்த வளைவுக்குப் போன மரமும் இரும்பும் திரும்பி வராது. வளைப்பது அவசரத்துக்குத்தான், வழக்கமாக வைத்துக்கொண்டால் காலை வாரிவிடும். ஆறு குறுக்கிட்டால் தண்ணீரில் கட்டையைப் போட்டால் பாலமாகும். அதற்கான மரத்தைத் தனியாக எடுத்து வைத்துவிடுங்கள், கடைசி நிமிடத்தில் பெட்டியிலிருந்து பிடுங்கவேண்டியதில்லை.

மூன்றாவது ஸ்டேஷனைத் தாண்டாததற்கு என் கணிப்பில் இன்னொரு காரணமும் இருக்கிறது. ஸ்டேஷனின் தண்டவாளம் கண்ணில் பட்டதும் ஆசையில் ஓடிப்போய் இணைத்துவிடுகிறீர்கள். இணைத்த உடனே ரயில் வேகமெடுத்துப் போய் நின்றுவிடும். வழியில் கிடக்கும் போல்ட்டை (பெட்டிகளை வாங்கவும் மேம்படுத்தவும் உதவும் ஆட்டத்துக் காசு) எடுக்கவும், பெட்டியை நிரப்பவும் இருந்த நேரம் அதோடு போச்சு. ஒவ்வொரு ஸ்டேஷனுக்கும் பிறகு ரயிலின் வேகம் கூடுகிறது, காலிப் பெட்டியோடு கிளம்பினால் எழுந்திருக்கவே முடியாது. கடைசித் தண்டவாளத்தைக் கையில் வைத்துக்கொண்டு காத்திருங்கள். போல்ட்டை எடுத்து, மரமும் இரும்பும் நிரப்பி, தொட்டியிலும் தண்ணீர் ஊற்றிவிட்டு, ரயில் பாதையின் முனைக்கு வரும்போது இணையுங்கள். மனது பதறத்தான் செய்யும். அந்தப் பொறுப்பைக் கூட்டத்திலேயே நிதானமான ஆளிடம் கொடுங்கள்.

போல்ட்டைக் கொண்டு எதை வாங்குவது என்பதில் ஆளுக்கொரு கட்சி உண்டு. தண்டவாளம் செய்யும் பெட்டியை முதலில் மேம்படுத்துங்கள் என்பேன். பொருள் நிறைய இருந்தும் பெட்டி மெதுவாகச் செய்தால் எல்லாரும் சும்மா நிற்க வேண்டியதுதான். எஞ்சினை மேம்படுத்தினால் கூடுதல் பெட்டி சேர்க்கலாம், அடுத்த நிலப்பரப்புக்கும் போகலாம். ஆனால் சமவெளியை விட்டு பாலைவனம், பனி என்று போகப் போக நிலம் கடுமையாகும். சமவெளியிலேயே தடுமாறுகிறவர்கள் எஞ்சினுக்கு அவசரப்படக் கூடாது. டைனமைட் பெட்டியைப் பார்த்து மயங்காதீர்கள், பார்க்க வேடிக்கையாக இருக்கும் என்பது உண்மைதான்.

இனி உங்கள் நாலாவது ஆள். அவரிடம் வாளியைக் கொடுத்திருப்பீர்கள் என்று நினைக்கிறேன். எல்லாரும் அப்படித்தான் செய்கிறார்கள், சுலபமான வேலை என்று. தண்ணீர் வேலையில் பெரும்பாலான நேரம் சும்மா நிற்க வேண்டும், மறந்தால் மட்டும் மொத்த ரயிலும் எரியும். புதியவருக்கு இதைவிட மோசமான வேலை கிடையாது. அவரைச் சுமக்க விடுங்கள். வெட்டிப் போட்ட கட்டையையும் இரும்பையும் பொறுக்கிப் பெட்டியில் சேர்ப்பது ஓயாத வேலை. அதிலேயே பெட்டியில் என்ன குறைகிறது, ரயில் எங்கே இருக்கிறது, யார் எங்கே நிற்கிறார்கள் என்று எல்லாம் அவர் கண்ணுக்குப் பழகிவிடும். தப்பு செய்தாலும் நஷ்டம் ஓரிரு கட்டைதான். கடின அளவையும் ஒரு படி குறைத்துக்கொண்டு ஓரிரு ஆட்டம் இப்படிப் போட்டுப் பாருங்கள். அதற்கப்புறம் தண்டவாளம் போடும் வேலையை அவரிடமே கொடுக்கலாம். கோடரியைக் கையை விட்டு இறக்காத அந்த நண்பரைச் சுமக்கும் வேலைக்கு மாற்றிவிடுங்கள்.