ராலிங்ஸ் கிட்டாரும் அப்பத்தாவோட வெத்தலை உரலும்

கேள்வி (திருமங்கலத்துல இருந்து ஒரு வாசகி): அமெரிக்கப் பாடகி ஜில்லியன் வெல்ச், அவங்களோட சேந்து பாடுற கிட்டார்காரர் டேவிட் ராலிங்ஸ் ரெண்டு பேரோட 'உட்லேண்ட்' ஆல்பத்தை விமர்சகர்கள் தூக்கி வச்சுக் கொண்டாடுறாங்களே, 'ரூட்ஸ்' மியூசிக்காம், அதாவது அந்த நாட்டு மலைப்பக்கத்துப் பழைய நாட்டுப்பாட்டு வழியில வர்ற இசையாம். ஆனா அந்தம்மா பொறந்தது நியூயார்க், வளர்ந்தது லாஸ் ஏஞ்சல்ஸ். அந்த மலைப்பாட்டுக்கும் அவங்களுக்கும் என்ன ஒட்டு?

பதில்: நல்ல கேள்வி, இதையே 1996ல முதல் ஆல்பம் வந்தப்ப அங்கேயே சிலர் கேட்டாங்க, அந்தப் பாட்டு வளர்ந்த அப்பலாச்சியா மலைப்பக்கமே பொறக்காதவங்க எப்படி அந்தப் பாட்டைப் பாடலாம்னு. 2024 ஆகஸ்ட்ல 'உட்லேண்ட்' வந்தது, 2025 பிப்ரவரில சிறந்த ஃபோக் ஆல்பம்னு கிராமியும் கிடைச்சது. நடுவுல 28 வருஷம் அவங்க பண்ணது ஒண்ணுதான், பழைய பாட்டோட அச்சுல புதுப் பாட்டு கட்டிக்கிட்டே இருந்தாங்க.

'உட்லேண்ட்'ங்கிறது அமெரிக்காவுல நாஷ்வில்ங்கற ஊர்ல இருக்கற அவங்களோட ஸ்டுடியோ பேரு. 2020 மார்ச்ல சூறாவளி அடிச்சு கூரையப் பிச்சுட்டுப் போயிருச்சு, கொட்டுற மழைல ராத்திரியோட ராத்திரியா டேப்பையும் கருவிகளையும் ரெண்டு பேரும் சுமந்து காப்பாத்துனாங்க, அப்புறம் கட்டடத்தைச் சரிபண்ணி அதே எடத்துல பதிவு பண்ணதுதான் இது. ராலிங்ஸ் கையில இருக்கறது 1935ல செஞ்ச எபிஃபோன் கிட்டார், சின்னது, சத்தம் மெல்லிசா ஆனா கூர்மையா வரும். அந்தம்மா ஒரு வரிய இழுத்து முடிக்கிற எடத்துல இவர் கீழ இருந்து குரல் கொடுப்பார் பாருங்க, அங்க எனக்கு ரெண்டு ஆள்னே தோணல.

பொறந்த ஊர்தான் கணக்குன்னு நான் ஒத்துக்க மாட்டேன். உசிலம்பட்டி பக்கம் எங்க அப்பத்தா செத்தப்ப ஒப்பாரி வைக்க ஒரு அம்மா வந்தாங்க, வெளியூர்க்காரங்க, அப்பத்தாவப் பாத்தது கூட இல்ல. மொதல்ல எங்க அத்தைககிட்ட ஆத்தாளுக்கு என்ன புடிக்கும்னு கேட்டாங்க. வெத்தலைன்னாங்க. அஞ்சே நிமிஷத்துல அந்த வெத்தலை உரல், உலக்கை, சுண்ணாம்பு டப்பா எல்லாம் பாட்டுக்குள்ள வந்துருச்சு, அதுவரைக்கும் கல்லு மாதிரி நின்ன எங்க அப்பா அப்பத்தான் ஒடைஞ்சு அழுதாரு. மெட்டு நூறு சாவுல கேட்ட மெட்டுதான், ஆனா அந்த உரல் வந்த வரி அன்னைக்குப் பொறந்தது. அந்த ஒப்பாரி அம்மாவும் பாட்டு கட்டிப் பாடுற ஆள்தானே, நாமதான் அப்படிச் சொல்றதில்ல.

கேள்வி (அலங்காநல்லூர் வாசகர்): அப்ப நம்ம ஆளுகளுக்கு ஏன் இந்த மாதிரி விமர்சனம் வர்றதில்ல?

பதில்: எனக்கு இதுல ரொம்பவே வருத்தம். கொல்லங்குடி கருப்பாயி பாட்டையும், பரவை முனியம்மா குரலையும் 'மண்வாசனை'ங்கற ஒத்த வார்த்தைல முடிச்சுட்டோம். எந்த வரி அவங்க தானா கட்டுனது, எந்த எடத்துல மூச்சு விட்டாங்க, தவில் எங்க நின்னுச்சுன்னு ஒருத்தராவது ஒக்காந்து எழுதுனோமா? மதுரைல விஜயலட்சுமி நவநீதகிருஷ்ணனும் அவங்க வீட்டுக்காரரும் ஊர் ஊராப் போயி பாட்டுச் சேகரிச்சாங்க, 2018ல அந்தம்மாவுக்கு பத்மஸ்ரீ கொடுத்தாங்க, செய்தி போட்டோம், பாட்டைப் பத்தி எழுதல. 'உட்லேண்டு'க்கு அங்க எழுதுறவங்க கிட்டார் நரம்பு வரைக்கும் பேசுறாங்க, அந்தக் கவனம்தான் எனக்குப் பொறாமையா இருக்கு.

உங்க வீட்டுல நடவுப் பாட்டு, தாலாட்டு தெரிஞ்ச அம்மாச்சி யாராவது இருந்தா இந்த வாரமே போன்ல பதிவு பண்ணுங்க, ஃபேனை ஆஃப் பண்ணிட்டு.