பழைய பிக்கப்பில் பிரேக் மாற்றம்: கேள்வி-பதில்

நான்கு சக்கரத்திலும் டிரம். முன்னால் மட்டும் டிஸ்க் போட்டால் போதுமா?

போதும். பிரேக் பிடித்ததும் எடை முன்பக்கம் சாய்வதால் 70 சதவீத வேலையை முன்சக்கரங்கள்தான் செய்கின்றன. மிதிக்கும்போது பிரேக் ஆயிலைத் தள்ளும் மாஸ்டர் சிலிண்டரையும் சேர்த்து மாற்றுங்கள். டிஸ்க்கைப் பேடால் கவ்வும் காலிப்பருக்கு ஆயில் அதிகம் வேண்டும். ஒற்றை சர்க்யூட் சிலிண்டர் என்றால் இரட்டைக்குப் போய்விடுங்கள், ஓரிடத்தில் ஒழுகினாலும் பாதி பிரேக்காவது மிஞ்சும். காலை எடுத்தபின்னும் லைனில் கொஞ்சம் அழுத்தத்தைத் தக்கவைக்கும், டிரம்முக்கான 10 பி.எஸ்.ஐ. ரெசிடுவல் வால்வு டிஸ்க் லைனில் இருக்கக் கூடாது, பேட் உரசிக்கொண்டே இருக்கும். பழைய ரப்பர் ஹோஸ்களைத் தூக்கிப் போடுங்கள்.

டிஸ்க் போட்டபின் பெடல் கல் மாதிரி இருக்கிறது, வண்டி நிற்கவில்லை.

இருப்பதிலேயே பெரிய மாஸ்டர் சிலிண்டரை வாங்கிப் போட்டிருப்பீர்கள். விட்டம் கூடினால் அதே மிதிக்கு அழுத்தம் குறையும். அதைக் கழற்றுவதற்கு முன், மிதிக்கு வலு சேர்க்கும் பூஸ்டரைப் பாருங்கள். இன்ஜினை நிறுத்தி நாலைந்து முறை பெடலை மிதித்து, காலை எடுக்காமல் ஸ்டார்ட் செய்யுங்கள். பெடல் கொஞ்சம் கீழே இறங்க வேண்டும். இறங்காவிட்டால் கோளாறு பூஸ்டரில், அல்லது வாக்குவம் குழாயில்.

என் வண்டிக்கு எந்த கிட் நல்லது?

எந்த வண்டி, எந்த வருடம், ரிம் எத்தனை இன்ச் என்று ஒன்றையும் எழுதாமல் கேட்டால் என்ன சொல்வது? பெரிய டிஸ்க் 15 இன்ச் ரிம்முக்குள் அடங்காமல் போகலாம். விவரத்தோடு மறுபடி எழுதுங்கள்.

பின் ஆக்சிலில் உள்ள லோட் சென்சிங் வால்வு துருப்பிடித்துவிட்டது. எடுத்துவிட்டு நேரே லைன் கொடுத்துவிடலாம் என்கிறார் மெக்கானிக்.

வேண்டவே வேண்டாம். இந்த யோசனை சொல்லாத பட்டறையே இல்லை போலிருக்கிறது, எனக்கு வரும் கடிதங்களில் பாதி இதுதான். அந்த வால்விலிருந்து ஆக்சிலுக்கு ஒரு கம்பி போகிறது, பாருங்கள். சுமை ஏறி ஸ்பிரிங் பட்டை தாழ்ந்தால் கம்பி நகர்ந்து பின்பிரேக்குக்கு முழு அழுத்தமும் போகும். காலியாக இருந்தால் அழுத்தத்தை அடக்கிவிடும். காலி பிக்கப்பின் பின்பக்கத்தில் எடையே இல்லையே! வால்வை எடுத்துவிட்டு ஈரச்சாலையில் அழுத்திப் பிரேக் போட்டால் பின்சக்கரம் முதலில் லாக் ஆகும், வண்டி பின்பக்கம் முன்னே வரும்படி சுழன்றுவிடும். ஸ்டியரிங்கை எப்படித் திருப்பினாலும் பிடிக்க முடியாது. பிக்கப்புக்கென்று அந்த வால்வை வைத்ததே இதற்காகத்தான்.

இன்னொன்று. கூடுதல் பட்டை போட்டு வண்டியை உயர்த்தியவர்களே, உங்கள் வால்வு வண்டி எப்போதும் காலி என்றே நினைத்துக்கொண்டிருக்கும். சுமையோடு போகும்போது பின்பிரேக் பாதிதான் பிடிக்கும். கம்பியின் பிராக்கெட்டை உயர்த்தி, சர்வீஸ் மேனுவலில் உள்ளபடி அட்ஜஸ்ட் செய்ய வேண்டும். துருப்பிடித்ததற்குப் புது வால்வு போடுங்கள். கிடைக்காவிட்டால், பின்பிரேக்கின் அழுத்தத்தைக் கையால் திருகிக் குறைக்கும் புரொபோர்ஷனிங் வால்வு இருக்கிறது. காலி வண்டியில், ஆளில்லாத இடத்தில், முன்சக்கரம் முதலில் லாக் ஆகும்படி அதை வையுங்கள்.

டாட் 4 பிரேக் ஆயில் உள்ள வண்டியில் டாட் 5 ஊற்றலாமா?

கூடாது. 5 சிலிக்கான், மற்றதோடு சேராது. 5.1 வேறு, அதை ஊற்றலாம். எதுவானாலும் இரண்டு வருடத்துக்கு ஒருமுறை மாற்றுங்கள்.

துளை போட்ட டிஸ்க்?

சுமை வண்டிக்கு வேண்டாம். சூட்டில் துளையிலிருந்துதான் விரிசல் தொடங்கும். காற்றிடைவெளி உள்ள சாதா டிஸ்க் போதும்.

காலிப்பர், பேட் எல்லாம் புதிது. காலை எடுத்தபின்னும் வண்டி இடப்பக்கம் இழுக்கிறது.

ஹோஸும் புதிதா? அதைப் பற்றி நீங்கள் எழுதவே இல்லை. பழைய ஹோஸை வெட்டிப் பாருங்கள், வெளியே பளபளவென்று இருக்கும், உள்ளே ரப்பர் ஊதி ஊசித்துளைதான் மிச்சமிருக்கும். மிதிக்கும் வேகத்தில் ஆயில் போய்விடும், திரும்பி வராது. இரண்டு பக்கமும் சேர்த்து மாற்றுங்கள், செம்பு வாஷர் உட்பட.