எட்டு மணி லைனும் வராதவங்களும்

கடிதம்:

வணக்கம் சார்,

உங்க தளத்த ரொம்ப நாளா படிக்கிறேன், எழுதுறது இதுதான் முதல் தடவ. எங்க பகுதில பல வருஷமா பாத்துட்டு இருந்த டாக்டர் போன வருஷம் ரிட்டையர் ஆயிட்டார், அவர் இடத்துக்கு யாரும் வரல. மிச்சம் இருக்கறது ஒரே ஒரு கிளினிக், ரெண்டு டாக்டர். காலைல எட்டு மணிக்கு போன் லைன் திறப்பாங்க, எட்டு பத்துக்கெல்லாம் அன்னிக்கு உள்ள இடம் மொத்தமும் முடிஞ்சிடும். இதுல பக்கத்து பகுதிகள்ல இருந்து வேற ஆளுங்க கார்ல வந்து பாத்துட்டு போறாங்க, இங்கயே இருக்கற எங்களுக்கு கிடைக்கல. என் பக்கத்து வீட்டம்மாவுக்கு எழுபத்தஞ்சு வயசு, பிரஷர் இருக்கு. போன்ல பேசினா அவங்களுக்கு காது கேக்காது, எதிர்ல உக்காந்து பேசினா ஒரு பிரச்சினையும் இல்ல. நாலு மாசமா டாக்டரையே பாக்கல, கேட்டா "நமக்கெல்லாம் எங்க கிடைக்கும், விடும்மா"ங்கறாங்க. அடுத்த மாசம் கிளினிக் நிர்வாகத்தோட எங்களுக்கு ஒரு மீட்டிங் இருக்கு. வெளியாளுங்கள நிறுத்தணும், டாக்டருங்கள இந்த மாதிரி இடங்களுக்கு கட்டாயமா அனுப்ப சட்டம் வேணும், இந்த ரெண்டும்தான் எங்க கோரிக்கை. சரியான்னு உங்க கருத்த சொல்லுங்க சார்.

ஒரு வாசகி

பதில்:

வணக்கம்மா,

உங்க ரெண்டு கோரிக்கையவிட, நடுவுல போற போக்குல எழுதியிருக்கீங்களே "நமக்கெல்லாம் எங்க கிடைக்கும், விடும்மா"ன்னு, அதுதான் எனக்கு பெருசா பட்டுச்சு. ஏன்னா ரெண்டு கோரிக்கையிலயும் அந்தம்மா இல்ல. வெளியாளுங்கள நிறுத்திட்டா எட்டு பத்துக்கு முடியற லைன் எட்டு இருபதுக்கு முடியும், அந்தம்மா அப்பவும் போன எடுக்கப் போறதில்ல.

முதல்ல கூப்பிடறவங்களுக்கு முதல்லங்கறது கேக்க ரொம்ப நியாயமா இருக்கும், யாருக்கும் சிபாரிசு இல்ல, வரிசைல எல்லாரும் ஒண்ணுதான். ஆனா எட்டு மணிக்கு கைல போனோட உக்கார யாரால முடியும்னு யோசிச்சு பாருங்க, பஸ் ஓட்டறவரால முடியாது, நைட் ஷிஃப்ட் முடிச்சு அப்பதான் படுத்தவங்களால முடியாது, ரெண்டு பிள்ளைங்கள ஸ்கூலுக்கு கிளப்பிட்டு இருக்கற பொம்பளயால முடியாது, அந்த ஊர் பாஷை சரியா வராதவங்க போன்ல பேசவே பயப்படுவாங்க. நானே எங்கப்பாவுக்காக வீட்ல மூணு போன்ல ஒரே நேரத்துல அடிச்சு இடம் பிடிச்சவன்தான். கிடைச்சப்ப லாட்டரி அடிச்ச மாதிரி சந்தோஷம், மூணு போன் இல்லாத யாரோட இடம் அதுன்னு அன்னிக்கு தோணவே இல்ல. ஆக வரிசைங்கறது நடுநிலை கிடையாது, யார் ஜெயிக்கணும்னு அது முன்னாடியே ஒரு மாதிரி முடிவு பண்ணி வச்சிருக்கு.

இத 1971லயே ஒருத்தர் எழுதிட்டார். ஜூலியன் டியூடர் ஹார்ட்னு வேல்ஸ்ல க்ளின்கோருக்ங்கற நிலக்கரி சுரங்க ஊர்ல டாக்டரா இருந்தவர், லான்செட்ங்கற மருத்துவ இதழ்ல எழுதின கட்டுரை அது. அவர் சொன்னது சுருக்கமா இதுதான், நல்ல வைத்தியம் எங்க அதிகம் தேவையோ அங்கதான் கம்மியா கிடைக்கும், சந்தை கைல விட விட இது இன்னும் மோசமாகும். தலைகீழ் விதின்னு வச்சுக்கலாம். வசதியான இடத்துல நோயாளியும் கம்மி டாக்டரும் ஜாஸ்தி, கஷ்டப்படற இடத்துல இருக்கற டாக்டருக்கு மூச்சு விட நேரமில்ல, அதனாலயே புதுசா யாரும் அங்க வரமாட்டாங்க. உங்க பகுதில ஒருத்தர் ரிட்டையர் ஆனதும் ஆள் வராததுக்கு காரணமும் அனேகமா இதுதான், மூணு பேர் வேலைய ரெண்டு பேர் பாக்கற இடத்துக்கு யார் ஆசப்பட்டு வருவா.

அந்த கட்டுரைய எல்லாரும் மேற்கோள் காட்டுவாங்க, ஆனா அவர் அந்த ஊர்ல செஞ்ச காரியம்தான் எனக்கு அதவிட பெருசு. வர்ற நோயாளிய மட்டும் பாக்கல. தன் கிளினிக்ல பேர் பதிஞ்சிருந்தவங்க லிஸ்ட்ல இருந்த பெரியவங்கள்ல கிட்டத்தட்ட எல்லாரையும் தேடிப் பிடிச்சு பிரஷர் பாத்தார். பிரஷர் வலிக்காது, காட்டிக் கொடுக்காது, நல்லாத்தான் இருக்கேன்னு சொல்லிட்டே இருப்பாங்க, ஒரு நாள் பக்கவாதம் வந்து விழறப்பதான் வீட்டுக்கே தெரியும். அதனால கதவு திறந்திருக்கு, வேணும்னா வாங்கன்னு உக்காந்திருக்கற வைத்தியம் பிரஷருக்கு உதவாது. வராதவங்களும் என் கணக்குலதான்னு நினைக்கற டாக்டர் வேணும், அப்படி நினைக்கணும்னா அவங்க யார் யார்னு ஒரு லிஸ்ட் கைல இருக்கணும். இருபத்தஞ்சு வருஷம் இப்படி செஞ்ச பிறகு கணக்கு பாத்தப்ப, பக்கத்துல அதே மாதிரி ஏழ்மையான ஊர விட இங்க வயசாகறதுக்கு முன்னாடியே வர்ற சாவு கம்மியா இருந்துச்சு.

உங்க ரெண்டு கோரிக்கைக்கும் இந்த லிஸ்ட் விஷயம்தான் என் பதில். நார்வேல 2001லேர்ந்து ஒவ்வொருத்தருக்கும் பேர் சொல்லி ஒரு டாக்டர் உண்டு, பிடிக்கலைன்னா மாத்திக்கலாம். அங்க பண்ணின ஒரு பெரிய ஆய்வுல, பதினஞ்சு வருஷத்துக்கு மேல ஒரே டாக்டர்கிட்ட இருந்தவங்களுக்கு, ஒரு வருஷம்தான் ஆனவங்களோட ஒப்பிட்டா, அவசரமா ஆஸ்பத்திரில சேர்ற வாய்ப்பும் சாகற வாய்ப்பும் கிட்டத்தட்ட கால்வாசி கம்மின்னு வந்துச்சு. இதுல டாக்டர்தான் காரணம்னு நூறு சதவீதம் அடிச்சு சொல்ல முடியாது, நிலையா ஒரே இடத்துல வாழறவங்களுக்கு மத்த வசதிகளும் இருக்கும். ஆனாலும் உங்க ரிட்டையர் ஆன டாக்டர் தலைல என்னென்ன இருந்திருக்கும்னு நினைச்சு பாருங்க, யாருக்கு எந்த மாத்திர ஒத்துக்காது, யார் வீட்ல என்ன சண்ட, யார் வலிய மறைப்பா, அதெல்லாம் எந்த கம்ப்யூட்டர்லயும் ஏறல, அவரோடயே போயிடுச்சு.

வெளியாளுங்க விஷயத்துக்கு வர்றேன். உங்க கோபம் புரியுது, ஆனா கார்ல வர்றவரும் அவர் பகுதில டாக்டர் இல்லாமத்தான் வர்றார். அதோட உள்ளூர் யாருங்கறதுல ஒரு வம்பு இருக்கு. முகவரிக்கு சான்று கேக்க ஆரம்பிச்சா முதல்ல வெளிய நிக்கறது கார்காரர் இல்ல, போன மாசம் வாடகைக்கு வந்தவங்க, அடிக்கடி வீடு மாத்தற கூலி வேலைக்காரங்க, பேர்ல ஒரு கரண்ட் பில்லு கூட இல்லாதவங்க. எல்லைன்னு ஒண்ணு வேணும், இல்லன்னு சொல்லல, ஆனா அது கிளினிக்குக்கு பொறுப்பு கொடுக்கற எல்லையா இருக்கணும், இந்த தெருவுலேர்ந்து அந்த தெரு வரைக்கும் தூங்கற ஒவ்வொருத்தருக்கும் நீங்கதான் ஜவாப்புன்னு. ஆள துரத்தறதுக்கு எல்லை போட்டீங்கன்னா நாளைக்கு அதுலயே நீங்க மாட்டுவீங்க, பக்கத்து பகுதிக்காரங்களும் அதே எல்லைய போடுவாங்கல்ல.

கட்டாயமா அனுப்பறது பல நாடுகள்ல நடக்குது. படிச்சு முடிச்ச உடனே ஒரு வருஷம் ரெண்டு வருஷம்னு போவாங்க, முடியற நாள எண்ணிட்டே இருப்பாங்க, ஊருக்கு எப்பவும் அனுபவம் இல்லாத புது முகமாத்தான் கிடைக்கும், காலியா இருக்கறதுக்கு அது பரவால்லதான், ஆனா அதுக்கு மேல எதிர்பாக்காதீங்க. ஜப்பான்ல 1972ல ஜிச்சி மருத்துவ பல்கலைக்கழகம்னு ஒண்ணு ஆரம்பிச்சாங்க, ஒவ்வொரு மாகாணத்துலேர்ந்தும் வருஷத்துக்கு ரெண்டு மூணு பிள்ளைங்கள எடுப்பாங்க, சொந்த மாகாணத்துக்கே திரும்பி வந்து ஒம்பது வருஷம் வேலை பாத்தா படிப்பு கடன் தள்ளுபடி. கிராமத்துலேர்ந்து வந்த பிள்ளைங்கதான் படிச்சுட்டு கிராமத்துல தங்குவாங்கன்னு உலக சுகாதார நிறுவனமும் 2010லயே தன் பரிந்துரைல சொல்லிடுச்சு. இன்னொரு வழி எனக்கு இதவிட பிடிக்கும், இங்க போன்னு சொல்லாம அங்க வேண்டாம்னு மட்டும் சொல்றது. இங்கிலாந்துல 1948லேர்ந்து 2002 வரைக்கும் ஒரு கமிட்டி இருந்துச்சு, டாக்டர் ஏற்கனவே நிறைய இருக்கற பகுதில புதுசா ஒருத்தர் வந்து உக்கார அனுமதி கொடுக்காது. யாரையும் எங்கயும் இழுத்துட்டு போகல, ஆனா வேற இடம் பாக்க வேண்டியதாச்சு. இத நீங்க மீட்டிங்ல கேட்டு பிரயோஜனம் இல்ல, கிளினிக் மேனேஜர் கைல இருக்கற விஷயம் கிடையாது, எலெக்‌ஷன் நேரத்துல ஓட்டு கேட்டு வர்றவங்ககிட்ட கேளுங்க. வெளிநாட்டுலேர்ந்து டாக்டர எடுத்தா சரியாயிடும்னு மீட்டிங்ல ஒருத்தராவது சொல்வார், அந்த டாக்டர் கிளம்பற ஊர்லயும் ஒரு எட்டு மணி லைன் இருக்கும்னு சொல்லுங்க.

மீட்டிங்ல எத்தன நாள்ல டாக்டர பாக்கலாம்னு மட்டும் இலக்கு கேக்காதீங்க. இங்கிலாந்துல நாப்பத்தெட்டு மணி நேரத்துக்குள்ள டாக்டர பாக்கணும்னு அரசு இலக்கு வச்சுச்சு. சில கிளினிக்குங்க என்ன பண்ணாங்கன்னா, ரெண்டு நாளைக்கு அப்புறம் உள்ள தேதிக்கு புக்கிங்கே எடுக்கறதில்ல. புக் பண்ணவங்க எல்லாரும் ரெண்டு நாளுக்குள்ள பாத்துட்டாங்க, இலக்கு நூத்துக்கு நூறு! அடுத்த வாரத்துக்கு ஒரு அப்பாயின்ட்மென்ட் கேட்டா காலைல கூப்பிடுங்கன்னுட்டாங்க. 2005 எலெக்‌ஷன் சமயத்துல டிவி நிகழ்ச்சில ஒரு அம்மா எழுந்து இத சொன்னப்ப பிரதமர் டோனி பிளேருக்கே அது புது சேதியா இருந்துச்சு.

அதனால நான் உங்க இடத்துல இருந்தா இத கேப்பேன். உங்க லிஸ்ட்ல பிரஷர், சுகர் இருக்கறவங்க எத்தன பேர், அதுல ஆறு மாசமா வராதவங்க எத்தன பேர், அவங்கள யார் கூப்பிடுவாங்க? நம்பர் கைல இல்லன்னாங்கன்னா மீட்டிங்க அங்கயே நிறுத்தி வைங்க, மத்த பேச்செல்லாம் அதுக்கு அப்புறம். அடுத்து, எட்டு மணிக்கே எல்லா இடத்தயும் திறந்து விடாம கொஞ்சத்த மதியத்துக்கு, கொஞ்சத்த நேர்ல வந்து கேக்கறவங்களுக்கு, கொஞ்சத்த கிளினிக்கே கூப்பிடற ஆளுங்களுக்குன்னு பிரிச்சு வைக்க முடியுமா. ரெண்டு டாக்டர வச்சுகிட்டு இது முடியாதும்பாங்க, பாதி உண்மை. பிரஷர் பாக்கறது, பழைய மாத்திரையவே தொடர்ந்து எழுதறது, புண்ணுக்கு கட்டு மாத்தறது இதுக்கெல்லாம் டாக்டர் நேரம் எதுக்கு, பயிற்சி உள்ள நர்ஸ் பாக்கலாம், பல ஆய்வுகள சேத்து வச்சு பாத்ததுல நர்ஸ் பாத்த நோயாளிங்க மோசமாகலன்னுதான் வந்திருக்கு. ஒரே ஒரு பயம், வசதியான பகுதிக்கு டாக்டர், மத்தவங்களுக்கு நர்ஸ் போதும்னு இது மாறிடக் கூடாது, எந்த நேரமும் நர்ஸ் பின்னாடி கேக்கறதுக்கு ஒரு டாக்டர் இருக்கணும்னு எழுத்துல வாங்கிக்கோங்க.

வீடியோ கால்ல பாக்கறோம்னு சொல்வாங்க. உங்களுக்கும் எனக்கும் நல்லதுதான், நம்ம போனாவது வரிசைலேர்ந்து கழியும். காது கேக்காத எழுபத்தஞ்சு வயசுக்கு அது எட்டு மணி லைனோட அக்கா.

அந்தம்மாவுக்கு மீட்டிங் வரைக்கும் காத்திருக்க வேண்டாம், இந்த வாரமே நீங்க கூட போய் ரிசப்ஷன்ல நேர்ல நின்னு பிரஷர் மட்டுமாவது பாத்துட்டு வாங்க, மாத்திர தீந்து போய் எத்தன நாளாச்சோ தெரியல. மீட்டிங்குக்கும் அவங்கள கூட்டிட்டு போங்க. எதிர்ல உக்காந்தா நல்லாவே பேசுவாங்கன்னு நீங்கதானே எழுதியிருக்கீங்க.