குழாயா, கேனா? தண்ணீர் பற்றி வாசகர் கேள்விகள்

கேள்வி: வேதாரண்யம் பக்கம் எங்கள் ஊர். கூட்டுக் குடிநீர்த் திட்டத்தில் கொள்ளிடத் தண்ணீர் வருகிறது, பல வருடமாக அதைத்தான் குடிக்கிறோம். பேரன் பிறந்ததிலிருந்து மருமகள் கேன் தண்ணீர்தான் வேண்டும் என்கிறாள். டி.டி.எஸ். மீட்டரில் குழாய்த் தண்ணீர் 380, கேன் 25 என்று காட்டுகிறதாம். குழாயில் பிளீச்சிங் வாடை வேறு. ரெண்டு நாளைக்கு ஒரு கேன், 35 ரூபாய். இது தேவையா?

பதில்: அம்மா, உங்கள் மருமகளை நான் குறை சொல்ல மாட்டேன், கைக்குழந்தை வைத்திருக்கிறவர் பயப்படத்தான் செய்வார். ஆனால் பயப்பட வேண்டிய இடம் மீட்டரில் இல்லை. அந்த மீட்டர் தண்ணீரில் மின்சாரம் எவ்வளவு பாய்கிறது என்று பார்த்து, கரைந்திருக்கும் உப்பைக் கணக்குப் போட்டுச் சொல்லும், அவ்வளவுதான். கிருமி இருக்கிறதா என்று அதற்குத் தெரியாது. வாய்க்கால் தண்ணீரை மொண்டு வைத்தாலும் அழகாக ஒரு எண்ணைக் காட்டும். நம் நாட்டுக் குடிநீர்த் தரத்தின்படி லிட்டருக்கு 500 மில்லிகிராம் வரை உப்பு இருந்தால் நல்ல தண்ணீர், வேறு வழியே இல்லாத ஊரில் 2000 வரை ஒத்துக்கொள்கிறார்கள். உப்பைப் பொறுத்தவரை 380 நல்ல தண்ணீர்தான்.

பிளீச்சிங் வாடையைக் கண்டும் முகம் சுளிக்க வேண்டாம். கடைசி வீட்டுக் குழாயிலும் லிட்டருக்கு 0.2 மில்லிகிராமாவது குளோரின் மிச்சம் இருக்க வேண்டும் என்பது விதி, வழியில் கிருமி சேர்ந்தால் அதைக் கொல்ல அதுதான் காவல். குடத்தில் பிடித்து, மெல்லிய துணி கட்டிச் சில மணி நேரம் வையுங்கள், வாடை குறைந்துவிடும்.

சரி, எதற்குத்தான் பயப்படுவது? கொள்ளிடத்தில் கிணறு இறக்கி எடுக்கும் தண்ணீரை ஆற்று மணலே பாதி வடிகட்டிக் கொடுத்துவிடுகிறது. கெடுவதெல்லாம் அங்கிருந்து நம் வாசலுக்கு வருவதற்குள்தான். நம் ஊர்களில் தண்ணீர் விசையாக வராது என்று வாசலில் முழங்கால் ஆழத்துக்குப் பள்ளம் வெட்டி, பைப்பை அறுத்துக் கீழே இறக்கி, குடத்தை உள்ளே வைத்துப் பிடிக்கிறோம் இல்லையா? ஐப்பசி கார்த்திகையில் அந்தப் பள்ளத்தில் மழைத் தண்ணீரும் சாக்கடையும் சேர்ந்து நிற்கும், குழாயின் வாய் அதற்குள் மூழ்கிக் கிடக்கும். தண்ணீர் விடுவதை நிறுத்தியதும் பைப் அந்த அழுக்கைத் தனக்குள் இழுத்துக்கொள்ளும், தெருவில் யாராவது மோட்டார் போட்டு உறிஞ்சினால் இன்னும் மோசம். மறுநாள் முதல் குடத்தில் வருவது அதுதான். பள்ளத்துக்குச் சிமெண்ட் பூசி வடிகால் வையுங்கள், பிடித்து முடித்ததும் குழாய்க்கு மூடி போடுங்கள், முதல் ரெண்டு குடத்தைப் புழங்குவதற்கு வைத்துக்கொண்டு அடுத்ததைக் குடிக்கப் பிடியுங்கள். மேல்நிலைத் தொட்டியின் காலில் சுத்தம் செய்த தேதி எழுதியிருக்கும், நாள் தாண்டியிருந்தால் ஊராட்சியில் போய்க் கேளுங்கள், கேட்பது உங்கள் உரிமை. பேரனுக்கு நன்றாகத் தளதளவென்று ஒரு நிமிடம் கொதித்த தண்ணீரை, அதே பாத்திரத்தில் மூடியபடி ஆறவைத்துக் கொடுங்கள்.

கேனைப் பற்றியும் சொல்கிறேன். என் வீட்டுக்கு வந்த ஒரு கேனைக் காலியானதும் வெளிச்சத்தில் தூக்கிப் பார்த்தேன். கழுத்துக்குக் கீழே உள்ள வளையத்தில் பச்சையாக ஒரு கோடு, விரலை விட்டால் வழவழவென்று பாசி. குட்டி யானையில் வெயிலில் அடுக்கி வைத்து ஊர் ஊராகச் சுற்றி வந்த கேன் அது, லேபிளும் இல்லை. அன்றைக்கே நிறுத்திவிட்டேன். எல்லாக் கேனும் அப்படித்தான் என்று சொல்லவில்லை. வாங்கித்தான் ஆக வேண்டும் என்றால் 14 இலக்க உணவுப் பாதுகாப்பு உரிம எண்ணும், நிரப்பிய தேதியும், உடையாத சீலும் இருக்கிறதா என்று பார்த்து வாங்குங்கள். ஆனால் மாதம் 500 ரூபாய்க்கு மேல் கொடுத்து உப்பு குறைந்த தண்ணீரை வாங்குகிறீர்கள், சுத்தமான தண்ணீர் என்பதற்கு அந்த 25 எந்த உத்தரவாதமும் தராது.

கேள்வி: கும்பகோணத்தில் எங்கள் தெருவுக்கு, தண்ணீரில் உள்ள உப்பை வடிகட்டும் ஆர்.ஓ. மெஷின் விற்க வந்தவர், எங்கள் குழாய்த் தண்ணீரில் ரெண்டு கம்பியை விட்டு கரண்ட் கொடுத்தார். தண்ணீர் கன்னங்கரேலென்று ஆகிவிட்டது. அவர் கொண்டுவந்த தண்ணீர் அப்படியே இருந்தது. இவ்வளவு நாளாக இதையா குடித்தோம்?

பதில்: இல்லை தம்பி, நீங்கள் குடித்தது அது இல்லை. அந்தக் கம்பிகளில் ஒன்று இரும்பு, உப்புள்ள தண்ணீரில் மின்சாரம் பாய்ந்தால் அந்த இரும்பு கரைந்து துருவாகி மிதக்கும். அவர் கொண்டுவந்த ஆர்.ஓ. தண்ணீரில் உப்பு மிகக் குறைவு என்பதால் மின்சாரம் அவ்வளவாகப் பாயவில்லை, அதனால் நிறமும் மாறவில்லை. அடுத்த முறை வந்தால் அவர் தண்ணீரில் ஒரு சிட்டிகை சோற்று உப்பைப் போட்டு அதே கம்பியை விடச் சொல்லுங்கள், அதுவும் கறுக்கும். இப்படி ஒரு தந்திரத்தைக் காட்டிப் பிள்ளைகள் உள்ள வீட்டைப் பயமுறுத்துவது பெரிய தப்பு.

கேள்வி: நாகப்பட்டினம் அருகே கடலோர கிராமம். போர் தண்ணீர் வாயில் வைக்க முடியாத கரிப்பு. காய்ச்சிக் குடித்தால் சரியாகுமா? மாமியார் தேற்றான் கொட்டை இழைக்கச் சொல்கிறார்.

பதில்: காய்ச்சினால் கிருமி சாகும், கரிப்பு போகாது, தண்ணீர் வற்றுவதால் சொல்லப்போனால் கூடும். தேற்றான் கொட்டை புது வெள்ளத்துக் கலங்கல் ஆற்றுத் தண்ணீரைத் தெளியவைக்க நம் முன்னோர் பயன்படுத்தியது, பானையின் உட்புறத்தில் இழைத்துவிட்டால் காலையில் வண்டல் அடியில் படிந்திருக்கும். மாமியார் சொல்வது கலங்கலுக்குச் சரி. உப்புக்கு அது மருந்து இல்லை, தெளிந்த பிறகும் காய்ச்சத்தான் வேண்டும். கடல்நீர் ஏறிய போருக்கு ஆர்.ஓ. தேவைதான், உங்கள் ஊரில் அதை நான் வேண்டாம் என்று சொல்ல மாட்டேன். ஆனால் அது உள்ளே போகும் தண்ணீரில் பாதிக்கு மேல் கழிவாக வெளியே தள்ளும், அதில் உப்பு இன்னும் அதிகம். தரை துடைக்க, கழிவறைக்கு ஊற்றப் பயன்படுத்துங்கள், செடிக்கு வேண்டாம். முடிந்தால் மழைத் தண்ணீரைப் பிடித்து வையுங்கள், முதல் மழையை ஓடவிட்டுவிட்டு.

கேள்வி: தண்ணீரை எங்கே சோதிப்பது?

பதில்: குடிநீர் வடிகால் வாரியத்துக்கு மாவட்டத் தலைநகரங்களில் ஆய்வகம் இருக்கிறது, நாமே நேரில் போய்க் கட்டணம் கட்டிக் கொடுக்கலாம். கிருமிச் சோதனைக்குக் காலி கூல்டிரிங்ஸ் பாட்டிலில் பிடித்துப் போகாதீர்கள், அவர்களிடமே சுத்தம் செய்த பாட்டிலை வாங்குங்கள். குழாயை ரெண்டு மூன்று நிமிடம் ஓடவிட்டு, பாட்டிலின் வாயைக் கையால் தொடாமல் பிடித்து, ஐஸ் வைத்த பையில் அன்றைக்கே கொண்டுபோய்க் கொடுத்துவிடுங்கள். ஒரு தடவை கோடையிலும் ஒரு தடவை அடைமழை விட்டதும் பார்ப்பது நல்லது.