டைப்செட்டிங் வேலைக்கு வெக்டர் படம் மாற்றத் தெரிந்தால் போதுமா?

டிசைனிங் தெரியும், லேடெக்கும் (கட்டளைகள் எழுதிப் பக்கம் அமைக்கும் மென்பொருள்) ஓரளவு பழக்கம், ஆய்விதழ், பாடநூல் பக்க வடிவமைப்பில் வேலைக்கு முயலலாமா என்று கேட்டிருந்தீர்கள். தாராளமாக முயலலாம். ஆனால் 'எஸ்விஜியை பிடிஎஃப் ஆக்கத் தெரியும்' என்று பயோடேட்டாவில் எழுத வேண்டாம். எஸ்விஜி என்பது படத்தைப் பிக்சல்களாக அல்லாமல் கோடு, வளைவுகளாகச் சேமிக்கும் வெக்டர் கோப்பு; அதை மாற்றும் வேலையை மென்பொருளே நொடியில் செய்துவிடும். மாற்றியபின் படத்தில் என்ன கெட்டுப்போயிருக்கிறது என்று கண்டுபிடிக்கத்தான் ஆள் வேண்டும்.

முதலில், எது எதை ஏற்கும் என்பது மனதில் பதிய வேண்டும். லேடெக்கின் பழைய டிவிஐ வழிக்கு (முதலில் டிவிஐ என்ற இடைக்கோப்பை உருவாக்கும் முறை) இபிஎஸ் என்ற பழைய வகைப் படக்கோப்பு. நேரடியாக பிடிஎஃப் தரும் பிடிஎஃப்லேடெக்குக்கு பிடிஎஃப், பிஎன்ஜி, ஜேபெக். எஸ்விஜியை அது நேரடியாக ஏற்காது. எஸ்விஜிக்கான லேடெக் துணைத் தொகுப்பு, பின்னணியில் இன்க்ஸ்கேப் என்ற படம் வரையும் மென்பொருளை அழைக்கும். அதற்கு ஷெல் எஸ்கேப், அதாவது லேடெக் வேறு நிரல்களை இயக்கும் அனுமதி, வேண்டும். பாதுகாப்புக் கருதிப் பல இடங்களில் அதை அடைத்து வைத்திருப்பார்கள். எனவே முன்கூட்டியே பிடிஎஃப் ஆக்கி அனுப்பிப் பழகுங்கள்.

இடையில் இபிஎஸ் வழியாகச் சுற்றிவராதீர்கள். அதில் ஒளிபுகும் தன்மைக்கு இடமே இல்லை. மெல்லிய நிழல் ஒன்று பிக்சல் படமாகிவிடும், இல்லையென்றால் முழுநிறமாக அப்பிக்கொள்ளும். கையில் இபிஎஸ் மட்டுமே இருந்தால் இபிஎஸ்டுபிடிஎஃப் என்ற கருவியைப் பயன்படுத்துங்கள். பவுண்டிங் பாக்ஸ் (படத்தைச் சுற்றிய எல்லைக் கட்டம்) அளவுக்கு அது வெட்டிக் கொடுக்கும். வெறும் பிஎஸ்2பிடிஎஃப் என்றால், வெட்டச் சொல்லாதவரை, முழுத்தாளின் நடுவிலோ மூலையிலோ படம் அநாதையாகக் கிடக்கும்.

அளவிலும் ஒரு பொறி உண்டு. எஸ்விஜியில் அங்குலத்துக்கு 96 பிக்சல், பிடிஎஃப்பில் 72 புள்ளி. இன்க்ஸ்கேப் 0.92க்கு முந்தைய பதிப்புகள் 90 என்று கணக்கிட்டன. அந்தக் காலத்துக் கோப்பை அப்படியே எடுத்தால் படம் சுமார் 6 சதவீதம் சுருங்கிவிடும்.

அதிகம் திருப்பி அனுப்பப்படுவது எழுத்துருச் சிக்கலால்தான். பிடிஎஃப்ஃபான்ட்ஸ் கட்டளையை ஓட்டி, எழுத்துருக்கள் எல்லாம் உட்பொதிந்திருக்கின்றனவா என்று பாருங்கள். வரைபடம் வரையும் பைதான் தொகுப்பான மேட்பிளாட்லிப் இயல்பாக டைப் 3 என்ற வகை எழுத்துருவைப் போடும். சில இதழ்கள் அதை ஏற்பதில்லை. அதன் அமைப்பில் எழுத்துரு வகையை 42 (ட்ரூடைப்) என்று மாற்றினால் தீர்ந்தது. படத்துக்குள் தமிழ் இருந்தால் கூடுதல் கவனம் வேண்டும்: எழுத்துகளைக் கோக்கத் தெரியாத மென்பொருளில் 'கொ' உடைந்து, கொம்பு இடம் மாறும். எழுத்தைப் பாதையாக மாற்றினால் தோற்றம் தப்பிக்கும், ஆனால் தேடவோ நகலெடுக்கவோ முடியாது.

இமேஜ்மேஜிக் என்ற படமாற்றுக் கருவியில் மாற்றினால் பிடிஎஃப் உறைக்குள் பிக்சல் படம்தான் கிடைக்கும். 800 சதவீதம் பெரிதாக்கிப் பார்த்தாலே படிக்கட்டுப் படிக்கட்டாகத் தெரிந்துவிடும்.

நேர்காணலுக்குப் போகுமுன் ஒன்று செய்யுங்கள். நிழல், தமிழ் எழுத்து, மெல்லிய கோடு மூன்றும் உள்ள ஒரே படத்தை இபிஎஸ், இன்க்ஸ்கேப், இமேஜ்மேஜிக் என மூன்று வழியில் பிடிஎஃப் ஆக்குங்கள். எதில் எது கெட்டது, ஏன் என்று ஒரு பக்கத்தில் எழுதி, கோப்புகளோடு இணைத்து விண்ணப்பியுங்கள்.