மேயரின் முன்னுரிமைப் பட்டியலை எப்படிப் படிப்பது? கேள்வி பதில்

புறநகர் மேயர்கள் பதவியேற்றதும் ஒரு பட்டியல் வாசிப்பார்கள்: நல்ல சாலை, வெள்ளத் தடுப்பு, பாதுகாப்பான தெரு, புதிய குடியிருப்பு, வெளிப்படையான நிர்வாகம். எந்த ஊரானாலும் அநேகமாக இதே பாட்டுதான். இதில் எதெது நடக்கும், நடக்க என்ன வேண்டும் என்று பலர் கேட்டிருந்தார்கள். நகராட்சி பட்ஜெட்டிலும் பொறியியல் வேலையிலும் பழக்கமுள்ள ஒருவரின் பதில்கள் இங்கே.

கேள்வி: எங்கள் மேயர் பன்னிரண்டு முன்னுரிமைகள் அறிவித்திருக்கிறார். எது நிஜம் என்று எப்படிக் கண்டுபிடிப்பது?

உரையை ஓரமாக வைத்துவிட்டு பட்ஜெட் புத்தகத்தைப் பிரியுங்கள். அறிவித்த வேலைக்குத் தனிக் கணக்குத் தலைப்பு இருக்கிறதா என்று முதலில் பாருங்கள். இருந்தால், போன வருட ஒதுக்கீட்டோடு ஒப்பிடாதீர்கள். போன வருடம் உண்மையில் செலவான தொகையோடு ஒப்பிடுங்கள். 100 ஒதுக்கி 40 செலவழித்துவிட்டு இந்த வருடம் 110 என்று போட்டால், மேடையில் அது "பத்து சதவீத உயர்வு". மீதி 60 ஏன் செலவாகவில்லை என்பதுதான் நீங்கள் கேட்க வேண்டியது. டெண்டர் தள்ளிப்போயிருக்கும், இல்லையென்றால் நிலம் கைக்கு வந்திருக்காது. அந்த முடிச்சு அவிழாமல் தொகையை மட்டும் ஏற்றுவதில் பயனில்லை.

அடுத்து, மூலதனச் செலவா (ஒரு முறை கட்டுவது), ஆண்டுச் செலவா (வருடா வருடம் நடத்துவது) என்று பாருங்கள். பூங்கா கட்டுவதற்கு மானியம் கிடைத்துவிடும். தண்ணீர் விட, புல் வெட்ட, விளக்குக்கு மின்கட்டணம் கட்ட பெரும்பாலும் மானியம் வராது. பராமரிப்புத் தலைப்பில் கூடுதல் தொகை ஏறாமல் புதுப் பூங்கா அறிவித்தால், திறப்பு விழாப் படம் மட்டும்தான் மிஞ்சும்.

கேள்வி: மேயர் நினைத்தால் எல்லாம் செய்ய முடியாதா?

ஊரின் நிர்வாக அமைப்பைப் பொறுத்தது. சில இடங்களில் மேயரே நிர்வாகத் தலைவர். பல இடங்களில் அவர் கவுன்சிலுக்குத் தலைமை தாங்குவார், ஓட்டு ஒன்றுதான். கையெழுத்துப் போடுவது நியமிக்கப்பட்ட ஆணையரோ மேலாளரோ. அமெரிக்காவில் இந்த மேலாளர் முறை 1908-ல் வர்ஜீனியாவின் ஸ்டான்டன் நகரில் தொடங்கியது. இன்னொன்று, உங்கள் பிரதான சாலை நகராட்சியுடையதாகவே இல்லாமல் இருக்கலாம். மனு எழுதுவதற்கு முன் சாலை யாருடையது என்று கேட்டுக்கொள்ளுங்கள். பாதி மனுக்கள் தவறான மேசையில்தான் தூங்குகின்றன.

கேள்வி: "குழியில்லா நகரம்" என்கிறார்கள். எங்கள் தெருக்குழியை நான்கு முறை அடைத்தும் அதே இடத்தில் மறுபடி வருகிறது. ஏன்?

குழி என்பது கடைசி அறிகுறி. தாரில் விரிசல் விடுகிறது, அதன் வழியே தண்ணீர் இறங்குகிறது, கீழே உள்ள ஜல்லிப் படுகை இளகுகிறது, மேலே சக்கரம் ஏறும்போது தார் உடைந்து பெயர்கிறது. குழியில் நிற்கும் தண்ணீரின் மேலேயே கலவையைக் கொட்டி மண்வெட்டியால் தட்டிவிட்டுப் போனால், அடுத்த மழைக்குக்கூட அது தாங்காது.

சரியான முறை இது. உடைந்த விளிம்பைத் தாண்டி, உறுதியான தார் வரும் வரை சதுரமாக வெட்ட வேண்டும். பக்கச்சுவர் செங்குத்தாக நிற்க வேண்டும். தளர்ந்த ஜல்லியையும் தண்ணீரையும் முழுக்க எடுக்க வேண்டும். அடியிலும் பக்கங்களிலும் ஒட்டுத்தார் (புதுக் கலவையைப் பிடித்துக்கொள்ளும் மெல்லிய தார்ப் பூச்சு) பூச வேண்டும்; பக்கங்களை விட்டுவிட்டால் ஓரத்தில் மயிரிழை இடைவெளி உண்டாகி, தண்ணீர் மறுபடி அதே வழியில் இறங்கும். சூடான கலவையை 5 முதல் 7 செ.மீ. அடுக்காகப் போட்டு, ஒவ்வொரு அடுக்கையும் தனித்தனியாக உருட்ட வேண்டும். கலவையின் சூடு 80–85 டிகிரி செல்சியஸுக்குக் கீழே போய்விட்டால் எவ்வளவு உருட்டினாலும் இறுகாது. லாரி தொலைவிலிருந்து வந்து, வெயில் தாழ்ந்து, ரோலர் தாமதமாக வந்த நாளில் போட்ட ஒட்டுகள் முதலில் பெயர்வது இதனால்தான். நான்கு முறை அடைத்தும் நிற்கவில்லை என்றால் கோளாறு தாரில் இல்லை, படுகையில். அந்த இடத்துக்குக் கீழே குடிநீர்க் குழாய் கசிகிறதா என்று பார்க்கச் சொல்லுங்கள்.

சாலைக் கொள்கையைப் பற்றிக் கேட்பதானால், மோசமான சாலையை முதலில் எடுக்கும் மேயரைவிட, நடுத்தர நிலையில் உள்ள சாலையின் விரிசலை அடைக்கும் மேயரே பணத்தைச் சிக்கனமாகச் செலவழிக்கிறார். படுகை கெட்டுவிட்ட சாலை இன்னும் ஒரு வருடம் காத்திருந்தாலும் செலவு பெரிதாக மாறாது, எப்படியும் தோண்டித்தான் ஆக வேண்டும். விரிசல் மட்டும் விட்ட சாலை அந்த ஒரு வருடத்தில் கை மீறிவிடும். ஆனால் இது ஓட்டு வாங்கும் வேலை அல்ல. "நன்றாக இருக்கிற தெருவுக்குத் தார் பூசுகிறார்கள்" என்ற திட்டுதான் கிடைக்கும்.

கேள்வி: முன்பெல்லாம் எங்கள் பகுதியில் தண்ணீர் நின்றதில்லை. மேலே புதுக் குடியிருப்பு வந்த பிறகு நிற்கிறது. வடிகாலை அகலப்படுத்துவதாக மேயர் சொல்கிறார். போதுமா?

கணக்கைப் போட்டுப் பார்த்தால் தெரிந்துவிடும். மழையளவை (மணிக்கு மி.மீ.) பரப்பாலும் (ஹெக்டேர்) ஓட்டக் குணகத்தாலும் (பெய்த மழையில் தரையில் ஓடிப்போகும் பங்கு) பெருக்கி 360-ஆல் வகுத்தால், வினாடிக்கு எத்தனை கன மீட்டர் தண்ணீர் ஓடிவரும் என்று கிடைக்கும். புல்வெளிக்குக் குணகம் சுமார் 0.2, வீடும் சாலையும் நிறைந்த இடத்துக்கு 0.6 என்று வைப்போம். 10 ஹெக்டேரில் மணிக்கு 50 மி.மீ. மழை பெய்தால், முன்பு வினாடிக்குச் சுமார் 280 லிட்டர் வந்தது, இப்போது 830. அதே மழைக்கு மூன்று மடங்கு தண்ணீர். உங்கள் தெருவில் மட்டும் வடிகாலை அகலப்படுத்தினால் அடுத்த சிறுபாலத்தில் முட்டி நிற்கும், அல்லது கீழ்த்தெருக்காரர் வாசலுக்குப் போகும்.

கூடுதலாக வரும் 550 லிட்டரை அரை மணி நேரம் பிடித்துவைக்க ஏறக்குறைய 10 லட்சம் லிட்டர் கொள்ளளவு வேண்டும். 1,000 சதுர மீட்டரில் ஒரு மீட்டர் ஆழக் குட்டை போதும். அதைக் குடியிருப்பு கட்டியவர் தன் நிலத்திலேயே வெட்டியிருக்க வேண்டும். ஆகவே "கட்டுமானத்துக்கு முன் வெளியேறிய அளவைவிட அதிகத் தண்ணீர் வெளியேறக் கூடாது" என்ற நிபந்தனை கட்டட அனுமதியில் இருக்கிறதா என்று கேளுங்கள். வெட்டிய குட்டையைத் தூர்வாருவது யார் பொறுப்பு என்பதும் எழுத்தில் இருக்க வேண்டும். இல்லாவிட்டால் சில வருடங்களில் அது வண்டல் நிறைந்த பள்ளம்.

கூடவே ஒன்று: பழைய தாரைச் சுரண்டாமல் மேலே மேலே தார் போட்டால் சாலை உயர்ந்து வீடுகள் பள்ளமாகும். ஒப்பந்தத்தில் சுரண்டும் வேலை தனி இனமாக இருக்கிறதா என்று பாருங்கள்.

கேள்வி: பள்ளி அருகே வேகத்தடை கேட்டால், ஆம்புலன்ஸ் தாமதமாகும் என்று மறுக்கிறார்கள்.

அதில் உண்மை உண்டு. பெரிய வண்டிக்கு ஒரு தடையில் பத்து வினாடி வரை போகலாம். அதற்குத்தான் தலையணை வடிவத் தடை இருக்கிறது: 1.6 முதல் 1.9 மீட்டர் அகலம், இடது வலது சக்கரங்களுக்கு நடுவே அதிக இடைவெளியுள்ள பெரிய வண்டி இருபுறமும் கால் பரப்பிக் கடந்துவிடும், கார் ஏறித்தான் ஆக வேண்டும். முழு அகலத் தடை என்றால் 7.5 முதல் 10 செ.மீ. உயரம், சுமார் 3.7 மீட்டர் நீளம். அரை அடி நீளத்தில் கூம்பாகக் கட்டுவது வேகத்தடை அல்ல, முதுகெலும்புக்கு வைத்த பொறி.

எண்ணைக் காட்டிப் பேசுங்கள். ஒரு வினாடி எதிர்வினை நேரத்தோடு, உலர்ந்த சாலையில் மணிக்கு 30 கி.மீ. வேகத்தில் கார் நிற்க சுமார் 13 மீட்டர். 50-ல் 28 மீட்டர். குழந்தை 20 மீட்டர் தொலைவில் குறுக்கே வந்தால், 30-ல் வந்த கார் நின்றிருக்கும், 50-ல் வந்தது நின்றிருக்காது.

கேள்வி: சிக்னலை எடுத்துவிட்டு ரவுண்டானா வைக்கப் போகிறாராம். நல்லதா?

பெரும்பாலும் நல்லது. இண்டியானாபொலிஸின் புறநகரான கார்மெலில், 1996 முதல் 2023 வரை மேயராக இருந்த ஜேம்ஸ் பிரெய்னார்ட் காலத்தில் ரவுண்டானாக்கள் 150-ஐத் தாண்டின. நேருக்கு நேரும் பக்கவாட்டிலும் வேகமாக மோதுவது குறைவதால் உயிர்ச்சேதம் குறைகிறது. சறுக்குவது வேறு இடத்தில்: நுழைவுப் பாதையை வளைக்காமல் நேராக விட்டுவிடுவார்கள், வண்டிகள் வேகம் குறைக்காமல் புகுந்துவிடும். ஒருவழித்தட ரவுண்டானாவுக்கு வெளிவிட்டம் 27 முதல் 55 மீட்டர் வேண்டும். அவ்வளவு இடம் இருக்கிறதா என்று வரைபடத்தில் அளந்து பாருங்கள். இரண்டு தடம் என்றால் நடந்து கடப்பவர்களுக்கு என்ன ஏற்பாடு என்றும் கேளுங்கள்.

கேள்வி: புது மனைப்பிரிவுகள் வந்தால் வரி வருமானம் கூடும் என்கிறாரே?

வருமானம் உடனே கூடும், செலவு பிறகு வரும். தெருவின் இருபுறமும் வீடு இருந்தால், 30 மீட்டர் முகப்புள்ள வீட்டின் கணக்கில் 15 மீட்டர் சாலையும் குழாயும் விழும். 12 மீட்டர் முகப்புக்கு 6 மீட்டர்தான். இருபது முப்பது வருடத்தில் அதையெல்லாம் மாற்ற வேண்டி வரும்போது, அந்த வீட்டு வரி ஈடு கட்டுமா என்பதே கேள்வி. பொதுவாக, ஏற்கெனவே குழாய் ஓடும் தெருவில் காலி மனையில் கட்டுவது ஊருக்கு லாபம்.

கேள்வி: தெருவிளக்கு எல்.இ.டி.யாக மாற்றுவது?

செய்யட்டும். வெண்மை 3,000 கெல்வினுக்கு (ஒளியின் நிறத்தை அளக்கும் அலகு; எண் கூடக் கூட ஒளி நீலவெண்மையாகும்) மேல் போகாமல், ஒளி கீழ்நோக்கி மட்டும் விழும்படி கேளுங்கள். படுக்கையறை ஜன்னலில் அடிக்கிறது என்ற புகார் பாதியாகக் குறையும்.

கேள்வி: கவுன்சில் கூட்டத்தில் மூன்று நிமிடம் தருகிறார்கள். எப்படிப் பேசினால் வேலை நடக்கும்?

முதலில், எப்போது போவது என்பது முக்கியம். பட்ஜெட் வாசித்த பிறகு போனால் அடுத்த வருடம் பார்க்கலாம் என்பார்கள். துறைகள் தங்கள் தேவையை எழுதித் தரும் மாதங்களில், அதாவது நிதியாண்டு தொடங்குவதற்கு ஐந்தாறு மாதம் முன்பே போங்கள்.

பேச்சில் இடம், நீளம், குறை, கணக்குத் தலைப்பு நான்கும் இருக்கட்டும். "நடைபாதையே இல்லை" என்பதற்குப் பதில், "பள்ளிச் சாலையின் கிழக்கு முனையில் 140 மீட்டருக்கு நடைபாதை இல்லை, நடைபாதை இணைப்புத் தலைப்பில் இது வரிசையில் எத்தனையாவது?" என்று கேளுங்கள். அதையே எழுதி, கூட்டத்துக்கு முன் செயலரிடம் கொடுத்து முத்திரை வாங்கிக்கொள்ளுங்கள். "பரிசீலிக்கிறோம்" என்று பதில் வந்தால் உட்காராதீர்கள். எந்தக் குழு, எந்தத் தேதிக் கூட்டம் என்று கேட்டு, அது கூட்டக் குறிப்பில் ஏறுகிறதா என்று பார்த்துவிட்டு உட்காருங்கள்.