பூமி போன பிறகு

அன்புள்ள அக்கா,

டக்ளஸ் ஆடம்ஸின் ‘தி ஹிட்ச்ஹைக்கர்ஸ் கைடு டு த கேலக்ஸி’ என்ற விண்வெளி நகைச்சுவை நாவல் வரிசையை நண்பர்கள் சொல்லிச் சொல்லி வாங்கினேன். மொத்தம் ஐந்து புத்தகம். முதல் புத்தகத்தில் எழுபது பக்கம் தாண்டிவிட்டேன், ஒரு இடத்தில்கூடச் சிரிப்பு வரவில்லை. 42 என்ற விடையைப் பற்றி எல்லாரும் பேசுகிறார்கள். இணையத்தில் தேடிப் பார்த்தும் அதன் அர்த்தம் பிடிபடவில்லை. அறிவியலும் நம்பும்படி இல்லை. ஒரு மனிதனின் வீட்டை இடிக்கிறார்கள், அடுத்து பூமியையே அழிக்கிறார்கள். இதில் சிரிக்க என்ன இருக்கிறது? வரிசையாகத்தான் படிக்க வேண்டுமா, இல்லை விட்டுவிடலாமா?

ர.

அன்புள்ள ர.,

வரிசையாகவே படியுங்கள். மூன்றாவது புத்தகம் கொஞ்சம் இழுக்கும், பொறுத்துக்கொள்ளுங்கள். அறிவியல் நம்பும்படி இல்லை என்ற குறையை மூட்டை கட்டி வையுங்கள். காதுக்குள் ஒரு மீனை விட்டால் எல்லா மொழியும் புரியும் என்று எழுதுகிறவரிடம் போய் ஆதாரம் கேட்கக் கூடாது.

42க்காக உங்களைத் திட்டத்தான் வேண்டும். அந்தக் காட்சி புத்தகத்தின் பின்பகுதியில் வருகிறது. நீங்கள் அங்கே போய்ச் சேரும் முன்பே இணையத்தில் அர்த்தம் தேடியிருக்கிறீர்கள். இப்படிப் படித்தால் எந்தப் புத்தகம்தான் உங்களோடு பேசும்? வாழ்க்கை, பிரபஞ்சம், எல்லாவற்றுக்கும் விடை என்ன என்று ஒரு கணினி 75 லட்சம் ஆண்டுகள் கணக்குப் போட்டு 42 என்று சொல்கிறது. உண்மையான கேள்வி என்னவென்று அப்போதுதான் யோசிக்கிறார்கள். அவ்வளவுதான். சாதாரணமான ஒரு சின்ன எண் தேவைப்பட்டது, அதை எடுத்துக்கொண்டேன் என்று ஆடம்ஸே சொல்லிவிட்டார். அதற்குள் ரகசியம் தேடுகிறவர்கள் தேடட்டும், நீங்கள் போகாதீர்கள்.

ஆனால் ‘இதில் சிரிக்க என்ன இருக்கிறது’ என்று கேட்டிருக்கிறீர்களே, அதற்காகத்தான் இந்தப் பதில். ஒரு மாதமாக அதையேதான் நினைத்துக்கொண்டிருக்கிறேன்.

ஆறாவது அத்தியாயத்தில் ஒரு பக்கம் இருக்கிறது. வீடு இடிபட்ட அந்த மனிதன்தான் ஆர்தர் டென்ட், நண்பனோடு ஒரு விண்கலத்துக்குத் தப்பி வந்திருக்கிறான். பூமி இல்லை என்பது அவனுக்கு அப்போதுதான் உறைக்கத் தொடங்குகிறது. அம்மா அப்பா போய்விட்டார்கள் என்று நினைத்துப் பார்க்கிறான். ஒன்றும் தோன்றவில்லை. நெருக்கமாக இருந்த எல்லாரையும் நினைக்கிறான், அப்போதும் ஒன்றும் இல்லை. இரண்டு நாள் முன்பு சூப்பர்மார்க்கெட் வரிசையில் தனக்கு முன்னால் நின்ற, யாரென்றே தெரியாத ஆள் நினைவுக்கு வருகிறார். அங்கே சுருக்கென்று குத்துகிறது. இங்கிலாந்து இல்லை என்பது எப்படியோ மனதில் ஏறிவிடுகிறது. அமெரிக்கா இல்லை என்று சொல்லிப் பார்க்கிறான், அது ஏறவில்லை. சரி, சின்னதாக எதையாவது பிடிப்போம் என்று நியூயார்க். அது ஒன்று இருந்ததாகவே அவன் உண்மையில் நம்பியதில்லை. ஹாலிவுட் நடிகர் போகார்ட்டின் படங்கள் எல்லாம் அழிந்துபோயின, இது வலிக்கிறது. கடைசியில், மெக்டொனால்ட்ஸ் ஹாம்பர்கர் என்று ஒன்று இனி கிடையாது. அங்கே மயங்கி விழுகிறான். மறுநொடி விழிக்கும்போது அம்மாவை நினைத்துத் தேம்பிக்கொண்டிருக்கிறான்.

இந்தப் பத்தியை நீங்கள் தாண்டியிருப்பீர்கள், ர. அடுத்த நகைச்சுவை எங்கே என்று தேடிக்கொண்டே தாண்டியிருப்பீர்கள். கல்லூரியில் படித்தபோது நானும் சிரித்துக்கொண்டே கடந்தவள்தான்.

போன வருடம் அம்மா இறந்தபோது எனக்கு அழுகை வரவில்லை. வந்தவர்கள் எல்லாம் என் முகத்தைப் பார்த்துப் பார்த்துப் போனார்கள். அம்மா இல்லை, அம்மா இல்லை என்று எனக்குள் சொல்லிப் பார்த்தேன். வெறும் சொல்லாகவே நின்றது. பன்னிரண்டாம் நாள், அதிலிருந்த எண்களை எழுதி வைக்கலாம் என்று அவள் கைபேசியை சார்ஜில் போட்டேன். இரவு எட்டு மணிக்கு மாத்திரை அலாரம் அடித்தது. என்னை அறியாமல் எழுந்து தண்ணீர் எடுத்துக்கொண்டு, மாத்திரைப் பெட்டியைத் திறக்கப் போனேன். வியாழன், வெள்ளி, சனி மூன்று அறையிலும் மாத்திரை அப்படியே இருந்தது. அங்கேயே உட்கார்ந்துவிட்டேன். எவ்வளவு நேரம் அழுதேன் என்று தெரியாது.

அதற்குப் பிறகுதான் மறுபடியும் ஆடம்ஸை எடுத்தேன். பெரிய இழப்பு அதன் முழு அளவில் மனதுக்குள் நுழைவதில்லை. ஒரு ஹாம்பர்கரைப் பிடித்துக்கொண்டு, ஒரு மாத்திரை அறையைப் பிடித்துக்கொண்டுதான் உள்ளே வருகிறது. இருபத்தேழு வயதில் இந்த மனிதர் அதை எழுதியிருக்கிறார். எழுதி, அதை வேடிக்கைக் கதை என்ற பெயரில் நம் கையில் கொடுத்திருக்கிறார்.

1978 மார்ச்சில் பிபிசி ரேடியோ 4இல் நாடகமாக வந்த பிறகுதான் இது புத்தகமானது. கதைக்குள் விண்வெளிப் பயணிகளுக்கான கையேடு ஒன்று வருகிறது, அதுதான் ‘கைடு’. வானொலியில் அதற்குக் குரல் கொடுத்தவர் பீட்டர் ஜோன்ஸ். பதற்றமே இல்லாத குரல். எது நடந்தாலும் அது ஒரே நிதானத்தில் சொல்லிக்கொண்டு போகும். எழுத்திலும் அந்தக் குரல்தான் இருக்கிறது. அது பதறாது, அழாது. அந்த வேலை நமக்கு விடப்பட்டிருக்கிறது. எழுபது பக்கத்தை நீங்கள் கண்ணால் படித்திருக்கிறீர்கள், காதால் படிக்கவில்லை.

அப்புறம், அழுது முடித்த ஆர்தர் என்ன செய்கிறான் என்று கவனித்தீர்களா? எழுந்து, கைடுக்காக விவரம் சேகரிக்கும் வேற்றுக்கிரக நண்பன் ஃபோர்டிடம், கைடில் பூமியைப் பற்றி என்ன போட்டிருக்கிறது என்று கேட்கிறான். ஒரே ஒரு சொல்தான் இருக்கிறது: தீங்கற்றது. ஒரே சொல்லா என்று கொதிக்கிறான். பதினைந்து வருடம் பூமியில் சிக்கிக் கிடந்த ஃபோர்டு, புதிய பதிப்புக்கு விவரம் அனுப்பியிருக்கிறேன் என்கிறான். பதிப்பாசிரியர் அதை வெட்டிச் சுருக்கியதில் மிஞ்சியது ‘பெரும்பாலும் தீங்கற்றது’.

இறப்புச் சான்றிதழுக்கான படிவத்தில் தொழில் என்ற கட்டத்தில் அம்மாவுக்கு நான் எழுதியது ஒரு சொல், இல்லத்தரசி. எழுதும்போது கை தயங்கவில்லை. ஆர்தரின் கோபத்தைப் படித்த இரவில்தான் அந்தக் கட்டம் நினைவுக்கு வந்தது. எழுபத்தொரு வருடம், கணக்குப் புத்தகங்கள், ஹார்மோனியம், யாருக்கும் காட்டாத கடிதங்கள், எல்லாவற்றுக்கும் அந்த ஒரு கட்டம்.

1992இல் வந்த ஐந்தாவது புத்தகத்துக்கு ஆடம்ஸ் அந்த இரண்டு சொற்களையே தலைப்பாக வைத்தார், ‘மோஸ்ட்லி ஹார்ம்லெஸ்’. வரிசையிலேயே இருண்ட புத்தகம் அதுதான். இன்னொன்று எழுதி முடிப்பதற்குள், 2001இல், 49 வயதில் போய்விட்டார்.

உங்கள் கேள்விக்கு வருகிறேன். விடாதீர்கள். ஆறாவது அத்தியாயத்துக்குத் திரும்பிப் போங்கள், வாய்விட்டுப் படியுங்கள். பிறகு பதினெட்டாவதில் ஒரு திமிங்கலம் வரும். ஆகாயத்தில் திடீரென்று உண்டாகி, கீழே விழுந்துகொண்டே தன்னைச் சுற்றியுள்ள ஒவ்வொன்றுக்கும் பெயர் வைக்கும். தன்னை நோக்கி வேகமாக வரும் தரைக்கும் ஒரு பெயர் வைத்து, இது என்னோடு சிநேகமாக இருக்குமா என்று ஆசையாக யோசிக்கும். அங்கே உங்களுக்கு என்ன வந்தது, சிரிப்பா அழுகையா என்று எனக்கு எழுதுங்கள்.

அன்புடன்,
அக்கா